தனியே தரையிறங்கும் மாணவ விமானி

விமானம் ஓட்டக் கற்பவருக்கு மேலே எழும்புவது அத்துணைக் கடினமன்று. நடுவானில் நேராகச் செல்வதும் சில நாட்பயிற்சியில் கைவந்துவிடும். கற்ற வித்தையின் மெய்யான சோதனை தரைக்குத் திரும்பும்போதுதான் நிகழ்கிறது. அச்சோதனையைப் பயிற்றாசிரியர் அருகில் இல்லாமல், தாம் ஒருவராகவே எதிர்கொள்ளும் நாள் ஒவ்வொரு விமானியின் வாழ்விலும் வருகிறது. பெரும்பான்மையோர் அந்நாளைப் பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கின்றனர். சிலருக்கு அது விபத்தில் முடிகிறது.

இத்தகைய விபத்துச் செய்தியைப் படிப்போர், ‘அனுபவம் போதாத பிள்ளை, ஏதோ தவறிவிட்டது’ என்று கூறி அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவது வழக்கம். விபத்துக்களை ஆராய்வோர் அவ்வளவில் நிறுத்துவதில்லை. மாணவன் தவறு செய்வான் என்பது பயிற்சியின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. தவறிய பின்னும் பிழைத்துக்கொள்ளப் போதுமான வேகமும் உயரமும் நேரமும் அவனுக்கு எஞ்சியிருந்தனவா, அவற்றைக் குறைத்தவை யாவை என்பனவே அவர்கள் எழுப்பும் வினாக்கள். அவ்வினாக்களின் வழியே இவ்விபத்துக்களின் இயல்பை இக்கட்டுரையில் நோக்குவோம்.

சுற்றுப் பயிற்சி

தரையிறங்கும் பயிற்சி ‘சுற்று’ என்னும் முறையில் நடைபெறுகிறது. விமானம் காற்றை எதிர்த்து ஓடுபாதையிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 300 மீட்டர், அதாவது 1,000 அடி உயரத்தை அடைகிறது. பின்னர் ஒரே பக்கமாக இருமுறை திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் செல்கிறது. மீண்டும் இருமுறை திரும்பினால் ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வந்து சேரும். அங்கிருந்து சரிந்து வந்து தரையைத் தொட வேண்டும். வானில் வரையப்பட்ட ஒரு செவ்வகம் என இதனைக் கருதலாம். சிறிய பயிற்சி விமானத்தில் ஒரு சுற்று ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்த ஐந்தாறு நிமிடங்களில் மாணவன் செய்யவேண்டியவை பல. உயரத்தையும் வேகத்தையும் கவனித்தல், இயந்திரத்தின் விசையைக் குறைத்தல், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பிளாப் என்னும் தகடுகளைப் படிப்படியாகத் தாழ்த்துதல், சுற்றிலுள்ள பிற விமானங்களைத் தேடுதல், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ரேடியோவில் பேசுதல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகவும், சில வேளைகளில் ஒருங்கேயும் வந்து நிற்கும். தேர்ந்த விமானிக்கு இவற்றுட் பெரும்பாலானவை பழக்கத்தால் தாமே நடைபெறும். மாணவனோ ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியவன். ஆகவே அவனுடைய கவனத்தில் மிச்சம் இருப்பது மிகக் குறைவு.

மாணவன் எப்பொழுது தனியே பறக்கலாம் என்பதை உடனிருந்து கற்பித்த பயிற்றாசிரியரே முடிவு செய்கிறார். பலமுறை திருத்தமின்றி இறங்கியதைக் கண்டபின், ஒரு நாள் அவர் விமானத்தை நிறுத்தச் சொல்லித் தாம் இறங்கிக்கொண்டு, ‘இனி நீயே ஒரு சுற்றுப் போய் வா’ என்கிறார்.

அவர் இறங்கிய அக்கணமே விமானமும் சிறிது மாறிவிடுகிறது என்பதைப் பலர் அறியார். பயிற்சிக்கு உலகெங்கும் பயன்பட்ட செஸ்னா 150 என்னும் இருவர் விமானத்தின் உச்ச எடை ஏறத்தாழ 726 கிலோகிராம். பயிற்றாசிரியரின் எடை 75 கிலோகிராம் எனக் கொண்டால், பத்தில் ஒரு பங்கு எடை திடீரெனக் குறைந்துவிடுகிறது. விமானம் முன்னிலும் விரைவாக மேலேறுகிறது. சுற்றின் உயரத்தை எதிர்பார்த்ததற்கு முன்பே அடைந்துவிடுகிறது. இறங்கும்போது தரையில் அமர மனமில்லாததுபோல் மிதந்துகொண்டே செல்கிறது. பழகிய கைக்கு இது சிறு வேறுபாடு. முதன்முறை தனியே செல்பவனுக்கோ, அறிந்த விமானம் அறியாத விமானமாகத் தோன்றக்கூடும். நல்ல பயிற்றாசிரியர் இதனை முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறார்.

இரண்டரை விநாடி

தரையிறங்குதல் என்பது இயற்பியல் நோக்கில் ஆற்றலைக் கழிக்கும் செயல். 700 கிலோகிராம் எடையுள்ள ஒரு விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,70,000 ஜூல் ஆகும். அதே விமானம் 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து விழுந்தால் பெறும் ஆற்றலுக்கு இது சமம். வேகம் 110 கிலோமீட்டராக இருந்தால் ஆற்றல் எவ்வளவு கூடும்? வேகம் பத்து விழுக்காடே கூடியிருப்பினும், ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்ததாதலால் 21 விழுக்காடு கூடிவிடுகிறது. ‘சற்று வேகமாக வந்தால் பாதுகாப்பு’ என்று மாணவன் கருதிச் சேர்த்துக்கொள்ளும் வேகம், ஓடுபாதையின் மீது அவனுக்குக் கடனாக வந்து நிற்கிறது.

சரிந்து வரும் விமானம் நிமிடத்துக்கு 150 மீட்டர், அதாவது விநாடிக்கு இரண்டரை மீட்டர் வீதம் உயரம் இழக்கிறது எனக் கொள்வோம். அவ்வாறே வந்து தரையில் மோதினால் சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும் கடும் அதிர்ச்சிக்கு உள்ளாகும். ஆகவே ஐந்தாறு மீட்டர் உயரம் இருக்கும்போது விமானி கட்டுப்பாட்டுக் கோலை மெல்லத் தம்பக்கம் இழுத்து, விமானத்தின் மூக்கை உயர்த்தி, சரிவை முறிக்கிறார். விமானிகள் இதனை ‘பிளேர்’ என்பர். சரிவை முறிக்காவிட்டால் தரை வந்து சேர இரண்டரை விநாடியே உண்டு. அதற்குள் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, கையின் அசைவை அதற்கேற்ப அளந்து, பிரதான சக்கரங்கள் இரண்டும் முதலில் தொடுமாறு விமானத்தை அமர்த்த வேண்டும். இந்த மதிப்பீட்டை எந்தக் கருவியும் மாணவனுக்குச் சொல்லித்தருவதில்லை. பார்வையை அருகிலுள்ள தரையில் வைத்தால் அது மங்கி ஓடுவதாகத் தோன்றுமேயன்றி உயரம் புலப்படாது. ஓடுபாதையின் தொலைவான முனையை நோக்கினால்தான் புலப்படும். பயிற்றாசிரியர்கள் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இது.

தரையை நெருங்கும்போது இன்னொரு விளைவும் குறுக்கிடுகிறது. இறக்கையின் முழுநீளத்துக்குச் சமமான உயரத்துக்குள், செஸ்னா 150-ஐப் பொறுத்தவரையில் ஏறத்தாழ பத்து மீட்டருக்குள், விமானம் வந்துவிட்டால் இறக்கை முனைகளிலிருந்து உண்டாகும் காற்றுச் சுழல்களைத் தரை தடுத்துவிடுகிறது. அதனால் இழுவிசை குறைகிறது. விமானம் எதிர்பார்த்ததைவிட நெடுந்தூரம் மிதந்து செல்கிறது. மிகைவேகத்தோடு வந்தவன் இங்கே பொறுமை இழந்து விமானத்தைத் தரையில் அழுத்த முயல்கிறான். விபத்து தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

துள்ளலும் திருத்தமும்

இக்காலப் பயிற்சி விமானங்களிற் பெரும்பாலானவற்றுக்கு முன்புறம் ஒரு மூக்குச் சக்கரமும், சற்றுப் பின்னே இரு பிரதான சக்கரங்களும் உண்டு. விமானத்தை வலிந்து அழுத்தும்போது மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொடுகிறது. விமானத்தின் எடைமையம் அதற்குப் பின்னே இருப்பதால், மூக்கு மேலே எற்றப்படுகிறது, வால் தாழ்கிறது. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடுகிறது. கோணம் கூடியதால் தூக்குவிசையும் கூடி, விமானம் மீண்டும் வானில் எழும்புகிறது. இதுவே துள்ளல்.

துள்ளிய விமானத்தைக் கண்டு திடுக்கிட்ட மாணவன் கோலை முன்னே தள்ளுகிறான். கையின் அசைவுக்கும் விமானத்தின் அசைவுக்கும் இடையே ஒரு சிறு காலதாமதம் உண்டு. அவன் தள்ளியதன் பயன் தெரியும்போது விமானம் தானாகவே கீழிறங்கத் தொடங்கியிருக்கும். ஆகவே முன்னிலும் வேகமாக மூக்குச் சக்கரம் தரையில் மோதுகிறது. அடுத்த துள்ளல் இன்னும் உயரமாக அமைகிறது. அவன் கோலை இழுக்கிறான். அதுவும் காலங்கடந்தே பயனளிக்கிறது. ஊஞ்சலை நிறுத்த விரும்புபவர், அது விலகிச் செல்லும் வேளையில் அறியாமல் தள்ளினால் ஆட்டம் வளர்வதுபோல, ஒவ்வொரு திருத்தமும் பிழையை வளர்க்கிறது. சில துள்ளல்களுக்குள் மூக்குச் சக்கரத்தின் கால் ஒடிந்து, புரொபெல்லர் விசிறி தரையில் உரசி வளைந்து, விமானம் ஓடுபாதையில் முகம் குப்புற நிற்பது இவ்வகை விபத்தின் வழக்கமான முடிவு. இதில் உயிருக்குக் கேடு நேர்வது அரிது. விமானத்துக்கும் மாணவனின் தன்னம்பிக்கைக்கும் நேரும் சேதம் பெரிது.

பக்கக் காற்றும் இத்தொல்லையைப் பெருக்கும். ஓடுபாதையின் திசைக்கு 30 டிகிரி சாய்வாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதில் 10 கிலோமீட்டர் பங்கு விமானத்தை ஓடுபாதையின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. சக்கரங்கள் தொடும் நேரத்தில் விமானம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தால் கால்களுக்குக் கடும் முறுக்கு உண்டாகும். விமானம் ஓடுபாதையை விட்டு விலகியோடவும் கூடும். ஆதலின் முதல் தனிப்பறப்புக்குக் காற்று அடங்கிய காலை வேளையைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

துள்ளலுக்கோ, மிதப்புக்கோ, விலகலுக்கோ, எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. இறங்கும் முயற்சியைக் கைவிட்டு, முழுவிசை கொடுத்து, மீண்டும் மேலேறி இன்னொரு சுற்று வருவதே அது. விமானிகள் இதனைக் ‘கோ-அரவுண்ட்’ என்பர். தமிழில் மறுசுற்று எனலாம். மறுசுற்றை மாணவர் பலர் தோல்வியின் அடையாளமாகக் கருதுவதுதான் பெரிய இடர். பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் என்ன நினைப்பாரோ, உடன்பயிலும் தோழர்கள் நகைப்பரோ என்னும் எண்ணம், தவறான இறக்கத்தைத் தொடருமாறு அவர்களைத் தூண்டுகிறது. எத்தனை முறை மறுசுற்றுச் செய்தாலும் குறை கூறப்படாது என்பதை மாணவன் ஐயமற அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு விபத்து

ஆயினும் மறுசுற்றும் எளிய செயலன்று. 2006 ஜூலையில் இங்கிலாந்தின் சௌத்எண்ட் விமான நிலையத்தில் நிகழ்ந்த விபத்து இதனைத் துயரத்தோடு விளக்குகிறது.

செஸ்னா 150 வகை விமானமொன்றில் 16 வயது மாணவர் ஒருவர் தம் இரண்டாம் தனிப்பறப்பை மேற்கொண்டிருந்தார். சுற்றை முடித்து, ஓடுபாதையின் நேர்கோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடையதைவிட வேகம் மிக்க விமானமொன்றும் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் இடைவெளி குறைவதைக் கண்ட கட்டுப்பாட்டாளர், மாணவரை மறுசுற்றுச் செல்லுமாறு பணித்தார்; பின்னர் அந்த ஆணையை மாற்றி, இடப்புறம் திரும்பி விலகிச் செல்லுமாறு கூறினார். மாணவர் பணிந்து திரும்பினார். குறைந்த உயரத்தில், குறைந்த வேகத்தில் விமானம் தூக்குவிசையை இழந்து தரையில் விழுந்தது. அவர் உயிரிழந்தார்.

ஆய்ந்தறிந்த பிரிட்டிஷ் விபத்துப் புலனாய்வுத் துறையினர், மாணவரின் பயிற்சியும் அனுபவமும் அவரை ஆயத்தப்படுத்தியிராத நிலைமை ஒன்றில் அவர் வைக்கப்பட்டார் என்னும் முடிவுக்கு வந்தனர். அவர் கற்ற மறுசுற்றில் முழுவிசை கொடுத்து நேராக மேலேறுதலே உண்டு. இறங்கும் நிலையிலிருந்து தாழ்வாகத் திரும்பி விலகுதல் என்பது அவர் பயின்ற பாடங்களில் இல்லை. பழகிய விமானிக்கு எளிதான கட்டளை, புதியவருக்குப் புதிராக அமைந்துவிட்டது.

திருப்பம் ஏன் இடரானது?

இதனைப் புரிந்துகொள்ள ‘ஸ்டால்’ என்னும் நிலையை அறிதல் வேண்டும். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைக் கூட்டக்கூட, ஒரு வரம்பு வரையில் தூக்குவிசை கூடும். அக்கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டியதும், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று அதனை விட்டுப் பிரிந்துவிடுகிறது. தூக்குவிசை திடீரெனக் குறைகிறது. இயந்திரம் செவ்வனே ஓடிக்கொண்டிருந்தாலும் விமானம் விழத் தொடங்கும். வேகம் குறைந்த விமானத்தை அதே உயரத்தில் வைத்திருக்க விமானி மூக்கை மேலும் மேலும் உயர்த்துவதால், மெதுவாகப் பறக்கும்போது இந்நிலை எளிதில் நேர்கிறது.

விமானம் திரும்பும்போது சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு விமானத்தைத் திருப்பவே செலவாகிறது. ஆகவே உயரம் இழக்காமல் திரும்புவதற்கு இறக்கை கூடுதலான விசையை உண்டாக்க வேண்டும். இதன் விளைவாக ஸ்டால் நேரும் வேகமும் உயர்ந்துவிடுகிறது. உச்ச எடையோடும், பிளாப் உயர்த்தப்பட்ட நிலையிலும், செஸ்னா 150 நேராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும். 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் இவ்வேகம் 95 ஆகிறது. 45 டிகிரியில் 105. 60 டிகிரியில் 124. இறங்கி வரும்போது அவ்விமானம் கொள்ளும் வேகமே மணிக்கு 105 கிலோமீட்டர் அளவினதுதான். நேராகச் செல்லும்வரை பாதுகாப்பாக இருந்த அதே வேகம், சற்றே கடுமையான ஒரு திருப்பத்தில் முற்றிலும் போதாததாகிவிடுகிறது. பிளாப் தாழ்ந்திருந்தால் ஸ்டால் வேகம் சிறிது குறையுமெனினும், அது உண்டாக்கும் இழுவிசை வேகத்தை விரைந்து தின்றுவிடும். விசையைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் காக்க முயன்றால், வேகம் விநாடிக்கு விநாடி குறைந்துகொண்டே வரும்.

உயரம் இருந்தால் ஸ்டாலிலிருந்து மீள்வது மாணவனுக்கும் இயலும். கோலை முன்னே தளர்த்தி, கோணத்தைக் குறைத்து, விசையைக் கூட்டினால் விமானம் மீண்டும் பறக்கத் தொடங்கும். எவ்வளவு விரைந்து மீட்டாலும் சில பத்து மீட்டர் உயரமேனும் இழக்கப்படும். ஓர் இறக்கை தாழ்ந்து விமானம் சுழன்று விழத் தொடங்கிவிட்டால் அவ்விழப்பு நூற்றுக்கணக்கான மீட்டர் ஆகலாம். ஓடுபாதையை நெருங்கி வருபவரிடம் அவ்வளவு உயரம் இருப்பதில்லை.

மறுசுற்றிலும் இதே இடர் மறைந்திருக்கிறது. முழுவிசை கொடுத்தவுடன், இறங்குவதற்கெனச் சமன் செய்யப்பட்டிருந்த விமானத்தின் மூக்கு தானாகவே மேலெழ முயலும். அதனை உறுதியாகப் பிடித்து அடக்க வேண்டும். பிளாப் தகடுகளை ஒரே முறையில் உயர்த்தினால் விமானம் சட்டென்று தாழும். ஆகவே படிப்படியாகவே உயர்த்த வேண்டும். இவற்றோடு ரேடியோவுக்கு மறுமொழியும் கூற வேண்டும். முதலில் விமானத்தை ஓட்டு, பின்னர் வழியைப் பார், அதன்பின் பேசு என்று உலகெங்கும் விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் வரிசைமுறை இதனாலேயே உண்டாயிற்று. குரலுக்கு உடனே பணிதல் நற்பண்பு என்று பள்ளியில் வளர்ந்த இளைஞர், ‘சற்றுப் பொறுங்கள்’ என்றோ, ‘இயலாது’ என்றோ கட்டுப்பாட்டாளரிடம் கூறத் தயங்குவார். அவ்வாறு கூறும் உரிமை தமக்கு உண்டென்பதை அவருக்குக் கற்பித்தாக வேண்டும்.

குரல் காத்த உயிர்

ரேடியோக் குரல் இடராக மட்டுமே இருக்கும் என்பதில்லை. 2019 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு அருகேயுள்ள ஜண்டகோட் விமான நிலையத்தில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. செஸ்னா 152 விமானத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒருவரின் பயிற்றாசிரியர் நடுவானில் நினைவிழந்தார். மாணவர் அதற்குமுன் ஒருமுறையும் விமானத்தைத் தரையிறக்கியவர் அல்லர். கட்டுப்பாட்டாளர் அவரோடு நிதானமாகப் பேசி, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்னும் முறையில் வழிகாட்டினார். விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் இருந்தபின் பத்திரமாகத் தரையிறங்கியது.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கினால் வேறுபாடு விளங்கும். ஜண்டகோட்டில் கட்டுப்பாட்டாளர், பேசுவது ஒரு மாணவரோடு என்பதை முழுவதும் அறிந்திருந்தார். மாணவருக்கு உயரமும் நேரமும் தாராளமாக இருந்தன. சௌத்எண்டில் அவ்விரண்டும் இல்லாத இடத்தில், ஆணை நடுவே மாறியது. பிரிட்டனில் தனியே பறக்கும் மாணவர்கள் தம் விமானத்தின் அழைப்புப் பெயருக்கு முன் ‘ஸ்டூடண்ட்’ என்னும் சொல்லைச் சேர்த்துக் கூறும் முறை இதன் பொருட்டே உள்ளது. ஒரே ஒரு சொல்தான். ஆயினும் கேட்பவர் ஆணையை எளிதாக்கவும், பின்வரும் வேக விமானத்தை விலக்கி மாணவனுக்கு வழிவிடவும் அது நினைவூட்டுகிறது.

குற்றமா, காரணமா?

விபத்து நேர்ந்தவுடன் குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. 1944-ல் சிகாகோவில் உருவான சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு இதற்கு மாறான நெறியை வகுத்துள்ளது. விபத்துப் புலனாய்வின் ஒரே நோக்கம் எதிர்கால விபத்துக்களைத் தடுப்பதே. பழியையோ பொறுப்பையோ ஒருவர்மீது சுமத்துவது அதன் நோக்கமன்று என்பது அந்நெறி. இந்தியாவில் இப்பணிக்கென விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் 2012-ல் நிறுவப்பட்டது. மாணவ விமானிகளின் விபத்துக்களும் அதன் ஆய்வுக்கு உட்படுவனவே.

இந்நெறி வெறும் பெருந்தன்மையால் எழுந்ததன்று. துள்ளி இறங்கிய மாணவன் தண்டனைக்கு அஞ்சி அதனைச் சொல்லாமல் விட்டால், விரிசல் கண்ட சக்கரக் காலோடு அடுத்த மாணவன் அதே விமானத்தில் ஏறுவான். ஒரு பிழை மறைக்கப்படும்போது அதன் விலையைப் பிறிதொருவர் செலுத்த நேர்கிறது. கடுமையாக இறங்கியதைத் தானே வந்து கூறும் மாணவனை ஆசிரியர் முதலில் பாராட்டி, விமானத்தைச் சோதிக்க அனுப்பி, அதன் பின்னரே பிழையைத் திருத்தும் வழக்கம் உள்ள பயிற்சிப் பள்ளிகள் பாதுகாப்பானவை.

நம் நாட்டில்

இந்தியாவின் முதல் எண்ணிட்ட விமானி உரிமம் 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு வழங்கப்பட்டது. விடுதலைக்குப்பின் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-லும், பறக்கும் கழகங்களுக்கெனச் செய்யப்பட்ட புஷ்பக் 1958-லும் முதன்முதலாகப் பறந்தன. அறிவியல் தொழிலியல் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா என்னும் இருவர் விமானம் 1993-ல் பறந்தது. அதன் புதிய வடிவம் 2021-ல் வானேறியது. உத்தரப் பிரதேசத்தின் பர்சத்கஞ்சில் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி நடைபெற்று வருகிறது. வணிக விமானி உரிமம் பெற விரும்புவோர் 200 மணி நேரப் பறப்பு அனுபவம் பெற வேண்டும். அதில் 100 மணி நேரமேனும் தாமே விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்திருத்தல் வேண்டும். எனவே தனிப்பறப்பு என்பது தவிர்க்கக்கூடிய சாகசமன்று. கல்வியின் இன்றியமையாத பகுதி. ஆசிரியர் என்றென்றும் அருகில் அமர்ந்திருந்தால் விமானி உருவாகமாட்டார்.

வகுப்பறையில்

ஆசிரியப் பெருமக்கள் இப்பொருளை வகுப்பில் எளிதாக விளக்கலாம். ஓடும் மின்விசிறியின் எதிரே, பாதுகாப்பான தொலைவில், ஓர் அஞ்சலட்டையின் முன்விளிம்பை மட்டும் பிடித்துச் சிறிது சிறிதாகச் சாய்த்துக் காட்டினால், சிறு கோணத்தில் அட்டை மேலே தூக்கப்படுவதையும், கோணம் மிகுந்தபின் அது படபடத்து ஒழுங்கிழப்பதையும் மாணவர் காண்பர். சாய்வு கூடக்கூட ஸ்டால் வேகம் ஏறுவதை, கோணத்தின் கொசைன் மதிப்பால் ஒன்றை வகுத்து அதன் இருமடி மூலத்தைக் கண்டால் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 60 டிகிரிக்கு 1.41 என்னும் விடை வரும். அதனை 88-ஆல் பெருக்கினால் மேலே கூறிய 124 கிடைக்கும். கணிதப் பாடத்தில் வெறும் விகிதமாக நிற்கும் கொசைன், ஓர் உயிரின் பாதுகாப்பு எல்லையைக் குறிக்கும் எண்ணாக இங்கே வருவதை மாணவர் எளிதில் மறவார்.

விமானத்தோடு தொடர்பில்லாத களப்பணியாளர்க்கும் இதில் பயன் உண்டு. டிராக்டரையோ, மருந்து தெளிக்கும் கருவியையோ, மின்கம்பத்தையோ புதியவர் ஒருவர் முதன்முறை தனியே கையாளும்போது, அவருடைய கவனம் முழுவதும் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்பதை மேற்பார்வையாளர் நினைவிற் கொள்ள வேண்டும். வேலையின் நடுவே ஆணையை மாற்றாமை, ஒரு நேரத்தில் ஒன்றையே கூறுதல், முடியாதெனில் நிறுத்திவிட அவருக்கு முன்கூட்டியே அனுமதி அளித்தல் ஆகிய மூன்றும் செலவில்லாத பாதுகாப்பு முறைகள்.

முதல் தனிப்பறப்புக்கு மாணவனை அனுப்பிவிட்டு ஓடுபாதையோரம் நிற்கும் பயிற்றாசிரியரால், அவன் வானில் இருக்கும் அந்த ஐந்தாறு நிமிடங்களில் செய்யக்கூடியது பெரும்பாலும் எதுவுமில்லை. அவர் செய்யவேண்டியவை யாவும் அவனை அனுப்புவதற்கு முன்பே செய்து முடிக்கப்பட வேண்டியவை: விமானம் இலேசாகிவிடும் என்று சொல்லுதல், காற்று அடங்கிய வேளையைத் தேர்தல், மறுசுற்றைப் பலமுறை பழக்குதல், வருபவன் மாணவன் என்பதைக் கோபுரத்துக்குத் தெரிவித்தல். இவை குறைவற நடந்திருந்தால், மாணவன் வானில் செய்யும் சிறு பிழை சிறு பிழையாகவே முடியும். அவனும் தரையிறங்கி வந்து அதனைத் தன் வாயாலேயே ஆசிரியரிடம் சொல்வான்.